மாப்பிள்ளை காசு

வெளிநாட்டுல செலவுக்குப் பணத்தை எப்படிக் கொண்டு போறதுன்னு என்னையப் பாத்தா கேக்கறீங்க? நல்ல ஆளைப் புடிச்சீங்க போங்க. இந்த ரயில் பூராத் தேடியிருந்தாலும் என்னைய விட மோசமான ஆளு உங்களுக்குச் சிக்கியிருக்க மாட்டானுங்க. சன்னலோரம் தூங்கறாளே, என்ற வீட்டுக்காரி வேணி, அவ முழிச்சிருந்தா அவளையே கேட்டிருக்கலாம். ரெண்டு மாசம் சுவீடன்ல பொண்ணு வீட்டுல இருந்துட்டு வர்றோம். அவ ராணியாட்ட இருந்துட்டு வந்தா. நான் இடுப்புல ரெண்டு லட்ச ரூபாயைக் கட்டிக்கிட்டு, ஒண்ணுக்குப் போக வழியில்லாம நின்னவனுங்க.

சிரிக்கறீங்க. சிரிங்க, பரவால்ல. உங்க பையன் ஜெர்மனியில இருக்கான், அடுத்த மாசம் போறீங்க. ஈரோடு வர இன்னும் நேரங் கெடக்கு. நான் என்னென்ன பண்ணுனேன்னு முழுசாக் கேட்டுட்டு, அதைய மட்டும் பண்ணாம இருங்க. அதான் நான் சொல்ற ரோசனை.

என்ற பேரு சென்னியப்பன். ஈரோட்டுல மஞ்ச மண்டி வெச்சிருக்கேன். காலங்காலமா நோட்டு எண்ணுன கை இது. கட்டைப் புரட்டும்போதே கிழிஞ்ச நோட்டு எதுன்னு வெரலு சொல்லிப்போடும். அந்த மண்டைக்கனத்தோடதான் பேங்குக்குப் போனேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு நல்லபடியாத்தான் சொல்லுச்சு. "சார், அந்த ஊர்ல எல்லாமே கார்டுதான். நாங்க ஒரு கார்டு தர்றோம், அந்த நாட்டுப் பணத்தையே அதுல ஏத்திக்கலாம். இல்லீன்னா உங்க கார்டையே வெளிநாட்டுக்குத் திறந்து விடுங்க, போன்லயே பண்ணிரலாம்"னு சொல்லுச்சு. நான் சிரிச்சேன். "அம்மிணி, நோட்டைக் கண்டா வேண்டாங்கற கடைக்காரன் இந்த ஒலகத்துல எங்க இருக்கான்?"னேன். அது என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, "இருக்கான் சார்"னு மெதுவாச் சொல்லுச்சு. எனக்குக் காதுல ஏறுனாத்தான?

நேரா கோயமுத்தூர் போயி, பணம் மாத்தற கடையில ரெண்டு லட்ச ரூபாய்க்கு அந்த ஊரு க்ரோனாவா வாங்குனேன். வெளுவெளுன்னு, மடிக்கவே மனசு வராத நோட்டுக. அதைய எங்க வெச்சேன்னு நெனைக்கறீங்க? மண்டிக்காரன் பச்சை பெல்ட்டு இருக்குதில்லீங்க, பை வெச்சது, அதுல. பேன்ட்டுக்கு மேல பச்சை பெல்ட்டு, அதுக்கு மேல மக அனுப்புன கோட்டு. ஏர்போர்ட்டுல கோட்டைக் கழட்டச் சொன்னப்ப வரிசையில நின்ன அத்தனை பேரும் என்ற இடுப்பைத்தான் பாத்தாங்க. வேணி நாலடி தள்ளி நின்னு, யாரோ எவரோன்னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.

இத்தனை பணம் எதுக்குன்னு கேப்பீங்க. அங்கதான் விசயமே இருக்குது. பொண்ணைக் குடுத்த எடத்துல கை நீட்டி ஒரு பைசா வாங்கக் கூடாதுங்கறது எங்க வழக்கமுங்க. நாமதான் குடுக்கோணும். கல்யாணத்துக்குக் குடுக்கோணும், ஆடிக்குக் குடுக்கோணும், தீவாளிக்குக் குடுக்கோணும். நானும் கொறையில்லாமக் குடுத்தவன். அப்படிப்பட்டவன் போயி மாப்பிள்ளை காசுல பஸ் ஏறி, மாப்பிள்ளை காசுல டீக் குடிச்சா, நாளைக்குச் சம்பந்தி காதுக்குப் போகாதா? "பொண்டாட்டியும் தானும் வந்து ரெண்டு மாசம் எம் பையன் காசுல தின்னுட்டுப் போனாரு"ன்னு ஒரு வார்த்தை வந்துதுன்னா நான் ஈரோட்டுக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியுமா? இந்தக் கவுரவத்தைக் காப்பாத்தத்தான் ரெண்டு லட்சமுங்க.

போயி எறங்குன அன்னிக்கே தெரிஞ்சு போச்சு. பெட்டி வெச்சுத் தள்ளற வண்டிக்குக் கூட அந்தக் கார்டு அட்டைதான். தண்ணி பாட்டலுக்கு அட்டை. பஸ்ல டிரைவர்கிட்ட நோட்டை நீட்டுனா, நான் ஏதோ செத்த எலியை நீட்டுன மாதிரி கையைப் பின்னால இழுத்துக்கறாரு.

மொத நாள் சாப்பிட்டு முடிச்சதும் மாப்பிள்ளை ரெண்டு அட்டையைக் கொண்டாந்து மேசை மேல வெச்சாரு. லோகேசு நல்ல பையனுங்க, குத்தஞ் சொல்லவே முடியாது. "மாமா, உங்களுக்கு ஒண்ணு, அத்தைக்கு ஒண்ணு. எங்க வேணும்னாலும் மிசின் மேல தட்டுங்க, போதும்"னாரு. எம் பொண்ணு தாரணி சமையக்கட்டு வாசப்படியில ஈரக் கையோட நின்னு என்னையவே பாத்துட்டு இருந்தா. "அதெல்லாம் எதுக்குங்க மாப்பிள்ளை, எங்கிட்ட இருக்குது"ன்னு பெல்ட்டைத் தட்டிக் காமிச்சேன். அவரு தாரணியைப் பாத்தாரு. தாரணி உள்ள போய்ட்டா. சரி, மரியாதைக்கு வாங்கி வெப்போம்னு கவரோட வாங்கி, கவரோடவே பெட்டிக்கடியில வெச்சுட்டேன். பிரிச்சுக் கூடப் பாக்கலை.

வேணி பிரிச்சாளுங்க. மறு நாளே பிரிச்சா. எழுபத்தேழுல எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சவ, எனக்குக் கட்டி வெச்சதுல இருந்து கையில காசு வெச்சிருந்ததே இல்லை. கேட்டா நான் குடுப்பேன், கேக்கலீன்னா இல்லை. அவ கையில அட்டையைக் குடுத்தா என்ன ஆகும்? தட்டுனா. வாழப்பழத்துக்குத் தட்டுனா, குல்லாய்க்குத் தட்டுனா, டிராம்ல ஏறி ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தா. டிங்குன்னு ஒரு சத்தம் வருமுங்க. அந்தச் சத்தத்தைக் கேட்டா அவளுக்கு மொகமெல்லாம் சிரிப்பு. எனக்கு நெஞ்சுல குத்தற மாதிரி இருக்கும்.

அதுலயும் ஒண்ணு பாருங்க. சாயங்காலம் தாரணி வேலை முடிஞ்சு வந்ததும் வராததுமா, "என்னம்மா, இன்னிக்கு ஐஸ்கிரீமா? நல்லா இருந்துச்சா?"ன்னு கேப்பா. தட்டுனா அந்தக் கணக்குக்காரங்க போனுக்குத் தகவல் போயிருமாம். சரி, மாப்பிள்ளை போனுக்குப் போயிருக்குது, அவரு பொண்டாட்டிகிட்ட, "உங்கம்மா இன்னிக்கு ஐஸ்கிரீம் தின்னுட்டாங்க"ன்னு சொல்லியிருக்காருன்னு நெனைச்சு எனக்கு மானமே போச்சு. ரூமுக்குள்ள போயி வேணியைப் புடிச்சு ஏசுனேன். "மாப்பிள்ளை காசுல ஐஸ்கிரீம் கேக்குதா உனக்கு?"ன்னேன். "நீங்களும் ஒண்ணு தின்னுருக்கலாம், பிஸ்தா போட்டது"ன்னா. அவகிட்டப் பேசி ஆகறதில்லீங்க.

நான் நடந்தேன். பஸ்ஸுக்குத் தட்டோணும், அதனால நடந்தேன். கடைத்தெருவுக்கு நடை, பூங்காவுக்கு நடை, ஏரிக்கு நடை. செருப்புத் தேஞ்சு, குதிகால்ல வெடிப்பு வந்து, ராத்திரி வேணி எண்ணெய் தேச்சு விட்டா. யாராச்சும் கேட்டா, "சுகருக்கு நல்லதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு"ன்னுருவேன். எனக்குச் சுகரே கெடையாதுங்க.

ஒரு நாளு பெரிய கடைவீதி ஒண்ணுக்குள்ள போய்ட்டேன். குளுரு ஊரு, வேர்க்காது, எல்லாம் கீழதான எறங்கும்? அவசரமா வருது. கக்கூஸைத் தேடிப் போனா, வாசல்ல கண்ணாடிக் கதவு, பக்கத்துல ஒரு மிசின். அட்டையைத் தட்டுனாத்தான் கதவு தொறக்கும். அட்டை வீட்டுல பெட்டிக்கடியில கெடக்குது. நான் நோட்டை எடுத்து மிசின்ல அங்கயும் இங்கயும் சொருகிப் பாக்கறேன். சந்தே இல்லீங்க அதுல. கால மாத்தி மாத்தி நிக்கறேன். அப்ப ஒருத்தன், ரெண்டாளு ஒசரம், தோள்ல கொழந்தையை வெச்சிருந்தான். என்ற கோலத்தைப் பாத்ததும் அவனுக்குப் புரிஞ்சு போச்சு. பேச்சே தேவைப்படலை. டிங்குன்னு தட்டி, "போ"ன்னு கையைக் காமிச்சான். வெளிய வந்து அவனுக்கு நோட்டை நீட்டுனா வேண்டவே வேண்டாங்கறான். கொழந்தை எனக்கு டாட்டா காட்டுது.

பாத்துக்கோங்க என்ற கவுரவத்தை. மாப்பிள்ளை காசு வேண்டாம்னு வீம்பு புடிச்சவன், ஊரு பேரு தெரியாத ஒருத்தன் தயவுல ஒண்ணுக்குப் போய்ட்டு வந்தேன். அன்னிக்கே புத்தி வந்திருக்கோணும். எனக்கு என்ன வந்துச்சு தெரியுமுங்களா? யாவாரம் வந்துச்சு. அட, இது நல்லா இருக்குதே, அட்டை அவங்கள்து, நோட்டு நம்முளுது, மாத்திக்கிட்டா முடிஞ்சுதுன்னு தோணுச்சு.

அதுக்கப்புறம் நான் கடைக்குப் போனா கல்லாகிட்ட நிக்கற ஆளைப் பாப்பேன். வயசான ஆளாப் பாத்து, தயிர் டப்பாவை அவங்க சாமான் பக்கத்துல வெச்சு, நோட்டைக் காமிச்சுச் சிரிப்பேன். அவங்க தட்டுவாங்க, நான் நோட்டைக் குடுத்துருவேன். செல பேரு வாங்குனாங்க. செல பேரு ஓடுனாங்க. ஒரு பாட்டியம்மா தட்டிட்டு, நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்துச்சு. நானும் மண்டியில அப்படித்தான பாப்பேன், அதனால தப்பா நெனைக்கலை. வீட்டுக்கு வந்து, "தயிரு வாங்கியாந்தேன், என்ற காசுல"ன்னு மேசையில வெப்பேன். தாரணி அந்தத் தயிரை எடுத்துப் பாத்துட்டு, போனையும் ஒருக்காப் பாத்துட்டு, பிரிட்ஜுல வெப்பா. நான் என்னமோ ஜெயிச்ச மாதிரி மீசையை நீவிக்குவேன்.

அவங்க கல்யாண நாளு வந்துச்சு. ஆறாவது வருசம். "எல்லாத்தையும் நான் கூட்டிட்டுப் போறேன், என்ற செலவு, யாரும் கை வெக்கப்படாது"ன்னு கண்டிசனாச் சொல்லிட்டேன். நம்ம நாட்டுச் சாப்பாட்டுக் கடை ஒண்ணு இருந்துச்சு. நம்மாளு கடைன்னா காசு வாங்குவான்னு ஒரு தைரியம். நல்லாத்தான் சாப்பிட்டோம். பில்லு வந்துச்சு. மாப்பிள்ளை கை நீட்டறதுக்கு முன்னாடி நான் எட்டிப் புடிச்சேன். அதுல நம்மளை யாரும் ஜெயிக்க முடியாது, நீங்களும் அப்படித்தான இருப்பீங்க. கோட்டைத் தொறந்து பெல்ட்டுல இருந்து நோட்டுக் கட்டை எடுத்து வெச்சேன். அந்தப் பரிமாறுற பொண்ணு, "காசு எடுக்கறதில்லைங்க"ன்னு சொல்லிப்போடுச்சு.

தாரணி அட்டையை எடுத்தா. "நீ கம்முனு இரு கண்ணு"ன்னுட்டு எந்திரிச்சேன். எனக்குத்தான் வழி தெரியுமே. கட்டைக் கையில புடிச்சுக்கிட்டு பக்கத்து மேசைக்குப் போனேன். எனக்குத் தெரிஞ்ச நாலு இங்கிலீசுல, "யு பே, ஐ கிவ்"னேன். அவங்க தலையை ஆட்டிட்டாங்க. அடுத்த மேசைக்குப் போனேன். அங்க ஒரு வெள்ளக்காரம்மா கைப்பையை எடுத்து மடியில வெச்சு ரெண்டு கையாலயும் அழுத்திக்கிட்டா. அதுக்கடுத்த மேசைக்கும் போனனுங்க. கடைக்காரரு வேகமா வந்து என்ற கையைப் புடிச்சு, இந்தியில என்னமோ சொல்றாரு. அப்பத் திரும்பிப் பாக்கறேன். தாரணி நின்னுட்டு இருக்கறா. அந்தக் கடையில அத்தனை பேரும் பாக்கறாங்க, தன்ற அப்பன் மேசை மேசையாப் போயி கெஞ்சறதை அவளும் பாக்கறா.

கிட்ட வந்து அவ அட்டையை என்ற கையில வெச்சா. "படிங்கப்பா"ன்னா. கண்ணாடியைப் போட்டுப் படிச்சேன். தாரணி சென்னியப்பன்னு போட்டிருந்துச்சு. மாப்பிள்ளை பேரு அதுல எங்கயுமே இல்லீங்க. பாஸ்போர்ட்டுல இருக்கற மாதிரி பேருக்குப் பின்னால அப்பன் பேருதான் வருமாம். ஆபீசுல அவளை எம் பேரைச் சொல்லித்தான் கூப்புடறாங்களாம்.

"உங்க பெட்டிக்கடியில கெடக்கறதும் இதே கணக்குதான். என்ற சம்பளம். நான் குடுத்தா வாங்க மாட்டீங்கன்னுதான் அவரு கையால குடுக்கச் சொன்னேன். அம்மா தட்டுனா என்ற போனுக்குத்தான் வருது. ஒரு மாசமாப் பாத்துட்டே இருக்கேன், உங்கள்து ஒண்ணே ஒண்ணு வருதான்னு"ன்னா.

நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம். எனக்கு அந்த வழக்கமில்லீங்க. "கட்டிக் குடுத்தாச்சுன்னா உன்ற காசும் மாப்பிள்ளை காசுதான கண்ணு?"ன்னு சொல்லிட்டேன். நான் ஏதோ நாயமாப் பேசறதா நெனைப்பு.

அவளுக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு. "படிக்க வெச்சீங்க, வேலைக்கு அனுப்புனீங்க. மொதச் சம்பளத்துல உங்களுக்கு ஒரு சட்டை எடுத்துட்டு வந்தேன். அதுல ஒட்டியிருந்த விலையைப் பாத்து, அன்னிக்கே அந்தப் பணத்தை என்ற பேங்குல கட்டிட்டீங்க. அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு, பொண்ணு காசுல எடுக்கலைன்னு ஊரெல்லாம் சொன்னீங்க. எங்கிட்ட இருந்து ஒண்ணே ஒண்ணு வாங்கியிருக்கீங்களாப்பா?"ன்னா. மாப்பிள்ளை எந்திரிச்சு பில்லைக் கட்டப் போனாரு. "வேண்டாம், நான் கட்டறேன்"னு அவரையும் ஒதுக்கிட்டு அவளே தட்டுனா.

யோசிச்சுப் பாத்தனுங்க. கார்ல வரும்போது பூரா யோசிச்சேன். ஒண்ணே ஒண்ணு கூட ஞாபகத்துக்கு வரலை. குடுக்கறதுல யாருக்கும் சளைச்சவனல்ல சென்னியப்பன்னு நான் பெருமையா நெனைச்சுட்டு இருந்தது அந்தப் புள்ளைக்கு எப்படி இருந்திருக்குதுன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது. வேணி பக்கத்துல உக்காந்து சன்னலையே பாத்துட்டு வந்தா. திட்டியிருந்தாக்கூடப் பரவால்லைன்னு இருந்துச்சு.

அதுக்கப்புறம் தாரணி மொகங் குடுத்துப் பேசலை. சோறு போட்டா, மாத்திரை எடுத்துக் குடுத்தா, அவ்வளவுதான். நான் கோழியாட்ட வீட்டுக்குள்ளயே சுத்துனேன். மண்டியில எத்தனையோ பேரு எங்கிட்ட முன்பணம் கேட்டு வந்து நிப்பாங்க, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, சுத்தி வளைச்சுப் பேசிக்கிட்டு. இப்ப நான் அந்த மாதிரி நிக்கறேன். சமையக்கட்டு வாசப்படிக்கு வருவேன், திரும்பிருவேன். மறுக்கா வருவேன். கடைசியில சொல்லிட்டேன். "கண்ணு, நடந்து நடந்து காலு வெடிச்சுப் போச்சு. எனக்கு ஒரு ஷூ வாங்கிக் குடுக்கறயா?"ன்னேன். சொல்லி முடிக்கறதுக்குள்ள எனக்குக் காதெல்லாம் சுட்டுப்போச்சுங்க.

அவ திரும்பிப் பாத்தா. கையில இருந்த கரண்டியை வெச்சா. அடுப்பை அணைச்சா. "கெளம்புங்க"ன்னா. சமையல் பாதியில நிக்குது. "சாயங்காலம் போலாங் கண்ணு"ன்னேன். "அதுக்குள்ள உங்க மனசு மாறிரும்"னா.

கடையில எனக்கு முன்னாடி மண்டி போட்டு உக்காந்துட்டா. வேண்டாம் சாமி, எந்திரின்னாக் கேக்கலை. ஒவ்வொண்ணாப் போட்டு விட்டு, முன்னால அமுத்திப் பாத்து, நடங்கப்பா, திரும்புங்கப்பா, கடிக்குதாங்கப்பான்னு கேக்கறா. விலையைப் பாக்க விடலை. அட்டையை எடுத்துத் தட்டுனா பாருங்க, டிங்குன்னு. அந்த மொகத்தை நான் என்னன்னு சொல்றது? கல்யாணத்துல கழுத்து நெறைய நகை போட்டு மேடையில நிறுத்துனேன், அன்னிக்குக் கூட அவ மொகத்துல அப்படி ஒரு சந்தோசத்தை நான் பாத்ததில்லை. எனக்கு அழுகை வந்துருச்சு. அங்க எப்படி அழுகறது? "எவ்வளவு கண்ணு ஆச்சு?"ன்னு கேட்டேன். வாயி சும்மா இருந்தாத்தான? "சொல்ல மாட்டேன்"னு சிரிச்சுட்டா. இதான் அந்த ஷூ. பாருங்க, நல்லா மெத்துனு இருக்குது.

இதோட கதை முடிஞ்சிருக்கோணும். மனுசன் திருந்திட்டான், சுபம். ஆனா பொறந்த புத்தி போகுதா? கெளம்பறதுக்கு முந்தின நாளு, அவ வேலைக்குப் போன நேரம், பெல்ட்டுல இருந்த க்ரோனாவை எல்லாம் உருவி, சமையக்கட்டுல அரிசி டப்பாவுக்குள்ள ஆழமாப் பொதைச்சு வெச்சுட்டேன். நம்ம போனதுக்கப்புறம் எடுத்துக்குவா, ஷூவுக்கும் ஆச்சு, ரெண்டு மாசச் சாப்பாட்டுக்கும் ஆச்சுன்னு கணக்கு. அந்த ஊர்ல அந்த நோட்டை வெச்சு அவளும் ஒரு தயிரு டப்பாக்கூட வாங்க முடியாதுங்கறது எனக்கு அப்பத் தோணலை பாருங்க.

மறு நாளு காலையில பெட்டியெல்லாம் கீழ எறக்கியாச்சு. மாப்பிள்ளை கார்ல உக்காந்துட்டாரு, வேணியும் எறங்கிட்டா. நான் வாசல்ல உக்காந்து ஷூவுக்குக் கயிறு கட்டறேன். ஒரு கால் கட்டுனேன். மறு கால் கட்டும்போது கை நின்னு போச்சு. நாளைக்கு அவ அரிசி அளக்கறதுக்குக் கை விடறா, நோட்டு வருது. என்ன நெனைப்பா? அப்பன் இதுக்கும் காசைக் குடுத்துட்டுப் போய்ட்டான்னு நெனைக்க மாட்டாளா? அவ மண்டி போட்டு உக்காந்து போட்டு விட்டதுக்கு நான் கூலி வெச்சுட்டுப் போற மாதிரி ஆயிராதா?

எந்திரிச்சு ஓடுனேன். ஷூவோட. வீட்டுக்குள்ள, சமையக்கட்டுக்குள்ள, ஷூவோட. டப்பாவைத் தொறந்து முழங்கை வரைக்கும் கையை உட்டுத் துழாவறேன். ஒண்ணொண்ணா வருது, உருவி உருவிப் பெல்ட்டுல சொருகறேன். பின்னால, "அப்பா"ன்னு சத்தங் கேக்குது. தாரணி.

என்ற கை அரிசிக்குள்ள. இன்னொரு கையில நோட்டு. அவ பாத்துட்டு அப்படியே செவுத்துல சாஞ்சுட்டா. "இன்னுமாப்பா?"ன்னா.

"இல்ல கண்ணு, வெக்கலை. எடுக்கறேன்"னேன்.

அவ நம்பலை. எப்படி நம்புவா? "சத்தியமா எடுக்கறேன் சாமி. நேத்து வெச்சேன், இப்ப எடுக்கறேன்"னு பெல்ட்டைத் தொறந்து காமிச்சேன். பைக்குள்ள நோட்டும் அரிசியும் கலந்து கெடக்குது. அதைப் பாத்தா, என்ற மூஞ்சியைப் பாத்தா, கீழ ஷூவைப் பாத்தா. அழுகறாளா சிரிக்கறாளான்னு எனக்குத் தெரியலை. ரெண்டும் பண்ணுனா. அப்புறம் கண்ணைத் தொடைச்சுட்டு, "எல்லாம் எடுத்தாச்சா?"ன்னு கேட்டா. "அடியில ஒண்ணு ரெண்டு கெடக்கும்"னேன்.

சட்டைக் கையைச் சுருட்டிட்டு அவளும் டப்பாக்குள்ள கையை உட்டா. கீழ இருந்து வேணி கூப்புடறா, பிளேனுக்கு நேரமாச்சுங்கறா. நாங்க அப்பனும் மகளும் அரிசியைத் துழாவிட்டு நிக்கறோம். கடைசி நோட்டை அவதான் எடுத்தா. ஊதி, ஒட்டியிருந்த அரிசியைத் தட்டிட்டு, நாலா மடிச்சு என்ற சட்டைப் பாக்கெட்டுல வெச்சு, "வழிச் செலவுக்கு வெச்சுக்கோங்கப்பா"ன்னா.

சரி கண்ணுன்னு வாங்கிக்கிட்டனுங்க.